வெள்ளத்துரை ஓட்டிய இரண்டு சீட்டு வண்டி

ஒர்க்‌ஷாப் தொழிலாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கேட்டார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதிப் பழக்கமில்லை, பேச்சும் அதிகம் வராது என்றேன். "நீங்க சரிபண்ணின வண்டியப் பத்தி எழுதுங்க அண்ணாச்சி. இப்ப உள்ளவங்க படிக்கட்டும்" என்றார்.

சரிபண்ணின வண்டிகள் நிறைய. அவை ஓடிப் போய்விட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சரியாகப் பார்க்காத வண்டி ஒன்று உண்டு. அதனால் ஒருத்தருக்கு வேலை போனது, பேரும் போனது. அதை எழுதுகிறேன். பிடித்தால் போடுங்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் வண்டிச் சாமான் கழுவினேன். மூன்று வருஷம் வீல் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் என்ஜினில் கை வைக்க விட்டார்கள். அப்போது இரண்டாவது உலகச் சண்டை வந்துவிட்டது. பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய டிரம்மைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினோம். மேடு வந்தால் பஸ் மூச்சு வாங்கும். சனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். "டிக்கெட்டும் எடுக்கணும், தள்ளவும் செய்யணும்னா நடந்தே போயிருக்கலாம்லா வே" என்று ஒருவர் தள்ளிக்கொண்டே திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

சாமான் எதுவும் வராது. இரண்டு இரும்புக்கு நடுவில் ஒழுகாமல் வைக்கிற பேக்கிங்கைத் தடித்த அட்டையில் நாங்களே வெட்டுவோம். மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு லாரியில் பெட்ரோல் டேங்க் ஒழுகி நின்றது. துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையை அடைத்தேன். அந்தச் சோப்போடு லாரி ஒரு வருஷம் ஓடியது. அதிலிருந்து எனக்கு ஒரு பேர் வந்தது. கோமதிநாயகம் கை வைத்தால் ஓடும் என்றார்கள். மற்றவர்கள் சொன்னதோடு விட்டிருக்கலாம். நானும் நம்பினேன்.

எங்கள் போர்மேன் சிவனணைந்த பெருமாள். கொழும்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். வண்டி வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பானெட்டைத் திறக்கமாட்டார். டிரைவரைக் கூப்பிடுவார். டிரைவர் யாராக இருந்தாலும், மீசை முளைக்காதவனாக இருந்தாலும், "நீங்க" என்றுதான் பேசுவார். எங்களைத்தான் ஏலே என்பார்.

"எப்ப நிக்குது? எங்கன நிக்குது? நிக்கதுக்கு முன்னால நீங்க என்ன செஞ்சீக?"

இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, பதில் முழுவதும் முடியும்வரை பேசாமல் நிற்பார். பிறகு டிரைவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து போய்விட்டு வருவார். அதன் பிறகுதான் ஸ்பேனர். சுவரில் ஒரு சிலேட்டு தொங்கும். பார்த்து முடித்ததை மட்டும் அதில் எழுதுவார். பிளக் பார்த்தாச்சு, பாயிண்ட் பார்த்தாச்சு என்று. சந்தேகத்தை எழுதமாட்டார். "சந்தேகம் வாயில இருக்கட்டும், அதுவும் மூடின வாயில" என்பார். எனக்கு இதெல்லாம் மெத்தனமாகத் தெரிந்தது. அவர் அரை நாள் எடுப்பதை நான் ஒரு மணி நேரத்தில் முடிப்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் இன்னும் போகவில்லை. மலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தன் காரைச் சிவகிரிப் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பையனுக்கு விற்றுவிட்டுப் போனார். சின்ன முதலாளி என்போம். இருபத்திரண்டு வயது இருக்கும்.

அது பந்தய ஓட்டத்துக்குச் செய்த மாதிரி வண்டி. சண்டைக்கு முந்திய வண்டி, அப்போதே பழசு. தரையோடு தரையாக இருக்கும். நீள மூக்கு. பானெட்டைத் தோல் வாரால் கட்டியிருக்கும். சக்கரத்தில் சைக்கிள் மாதிரிக் கம்பிகள். நாலு சிலிண்டருக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க இரண்டு கார்புரேட்டர். முன் கார்புரேட்டர் முன் இரண்டு சிலிண்டருக்கு, பின் கார்புரேட்டர் பின் இரண்டுக்கு. உட்கார இரண்டே சீட்டு.

சின்ன முதலாளி முதல் மாதமே அதைக் கொண்டுபோய் ஒரு வாய்க்காலில் இறக்கினார். அதனால் வீட்டில் டிரைவர் போட்டார்கள். அவர்தான் வெள்ளத்துரை. எங்கள் கம்பெனியில் கரி பஸ் ஓட்டியவர். என் வயசு. நாங்கள் ஒருவரையொருவர் வே போட்டுத்தான் பேசிக்கொள்வோம்.

இரண்டு சீட்டு வண்டியில் டிரைவர் ஒரு சீட்டில் இருந்தால் முதலாளி எங்கே உட்காருவார்? பக்கத்தில்தான். தோளோடு தோள் இடிக்க இரண்டு பேரும் ரத வீதியில் போவார்கள். கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "ஏலே, மறுவீட்டுக்குப் போற மாப்பிளயும் பொண்ணும் வாராவ, வழி விடுங்கலே" என்று ஒருத்தன் கத்துவான். சின்ன முதலாளி சிரிப்பார். அவருக்குத் தொழில் தெரிந்தவர்களோடு பேசப் பிடிக்கும். அவருடைய சித்தப்பாவுக்குத்தான் அது ஆகவில்லை. முதலாளி யார், டிரைவர் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று வீட்டில் சத்தம் போட்டாராம். வெள்ளத்துரையே என்னிடம் சொன்னார்.

கார்த்திகை மாதம் அந்த வண்டியை வெள்ளத்துரை ஷெட்டுக்குக் கொண்டு வந்தார். போர்மேன் மதுரைக்குப் போயிருந்தார். பஸ் என்ஜினின் தண்டு ஒன்றைக் கடைசல் பிடித்துக் கொண்டுவர ஐந்து நாள் ஆகும். அதுவரை ஷெட் என் பொறுப்பு.

"என்னவே செய்யுது?" என்றேன்.

"காலையில ஒரே இழுப்புல பிடிச்சுக்கிடுது. நாலு மைல் ராசா மாதிரி ஓடுது. சூடாயிட்டா ரயில்வே கேட்டுல நிக்க முடியல. நொண்டுது, நொண்டுது, செத்துப் போவுது."

"ஆக்ஸிலேட்டர மிதிச்சா?"

"மிதிச்சா இருக்கும். கால எடுத்தா போச்சு. கேட்டுல நின்னுகிட்டு ஹேண்டில் போட்டுச் சுத்துனா பின்னால உள்ள மாட்டு வண்டிக்காரன் சிரிக்கான். 'எங்க மாடு கூட நின்னா மறுபடி நடக்கும் அண்ணாச்சி'ங்கான்."

அவர் சொன்னதில் எல்லாம் இருந்தது. இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது சிரித்துவிட்டு பானெட் வாரை அவிழ்த்தேன்.

முதல் நாள் என்ஜினைச் சூடாக்கிவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சத்தம் கேட்டேன். நல்ல சிலிண்டர் என்றால் வயரை எடுத்ததும் சத்தம் மாறும், என்ஜின் தளரும். மூன்றாவதும் நாலாவதும் மாறின. ஒன்றாவதும் இரண்டாவதும் மாறவில்லை. அந்த இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். முனை சுண்ணாம்பு பூசினது போல வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். பிளக்கை மாற்றினேன். பாயிண்ட்டைத் தேய்த்தேன். நெருப்புப் பொறிக்கான காயிலையும் பார்த்தேன். சரியாகவில்லை.

இரண்டாம் நாள் இரண்டு கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவினேன். அப்போதும் ஆகவில்லை. முன்னால் இருந்ததைப் பின்னால் மாட்டினேன், பின்னால் இருந்ததை முன்னால் மாட்டினேன். கார்புரேட்டரில் கோளாறு என்றால் நொண்டலும் இடம் மாறும். மாறவில்லை. அதே ஒன்று, அதே இரண்டு.

இங்கே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். கார்புரேட்டர் மாறியும் நொண்டல் மாறவில்லை என்றால், கோளாறு கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு சாமான், மேனிபோல்டு என்கிற குழாய். இதைத் தெரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம். நான் இரண்டு நாள் களைப்பில் இருந்தேன். போர்மேன் வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்ற அவசரம் வேறு. மேனிபோல்டின் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். ஷெட் வாசலில் டிரைவர்களும் கண்டக்டர்களும் ஆறேழு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலையை நிறுத்தி, வழக்கம் போல டின்னில் கையைக் கழுவி, பஞ்சு வேஸ்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரிய கார் வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். பின்னால் சின்ன முதலாளி.

"மூணு நாளா ஒரு சின்ன வண்டியக் கட்டிப் போட்டிருக்கீரு. பஸ்ஸத் தவிர ஒண்ணும் தெரியாதோ?" என்றார் சித்தப்பா. மெதுவாகச் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது. காப்பி குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்ன வண்டிக்குச் சின்ன டாக்டர் வேணும் போல" என்று ஒரு கண்டக்டர் முனகினான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது அந்தக் காலத்தில் எங்கும் நடந்தது. கூப்பன் பெட்ரோலைக் கொஞ்சம் வெளியே விற்றுவிட்டு, அந்த அளவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற டிரைவர்கள் இருந்தார்கள். எனக்கே நாலு பேரைத் தெரியும். நான் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்தேன். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து ஊதினேன். பெட்ரோல் என்றால் உடனே காய்ந்து கை சில்லிடும், மிச்சம் இருக்காது. கையில் பிசுபிசுப்பு நின்றது. மோந்து பார்த்தேன்.

"மண்ணெண்ணெ கலந்திருக்கு முதலாளி" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வெள்ளத்துரை வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். கோபப்படவில்லை. வேடிக்கை என்று நினைத்திருப்பார்.

"என்னவே சொல்லுதீரு? மண்ணெண்ணெ கலந்தா காலையிலலா பிடிக்காது? இது சூட்டுலலா நிக்குது?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. மண்ணெண்ணெய் கலந்த வண்டி குளிரில் அடம் பிடிக்கும், சூடானால் ஓடிவிடும். இது நேர்மாறு. அதோடு பெட்ரோலில் கோளாறு என்றால் நாலு சிலிண்டரும் நொண்ட வேண்டும். இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரே டேங்க்தானே. ஷெட்டில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவனுக்கும் இது தெரியும்.

நான் சொன்ன பதில் இது: "வண்டி ஓட்டுதது உம்ம வேலை. வியாதி பாக்கது என் வேலை."

காப்பி குடித்தவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். "வெள்ளத்துரை, எத்தன போத்தல் வே வித்தீரு? எங்களுக்குச் சொல்லலியே" என்றான் ஒருவன்.

அவர் சின்ன முதலாளியைப் பார்த்தார். "முதலாளி, நீங்க என்கூடதான இருந்தீக. ஒரு நாளாச்சும் வண்டிய விட்டு எறங்கிப் போனீகளா நான் ஊத்துததுக்கு?"

சின்ன முதலாளி வாயைத் திறந்தார். சித்தப்பா முந்திக்கொண்டார். "பக்கத்துல உக்கார வச்சதுக்கு இது வேணும். சாவியக் குடுலே."

வெள்ளத்துரை சாவியை பானெட்டின் மேல் வைத்தார். சீட்டில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றவர்கள் நடுவே போனார். அவர்கள் விலகி வழி விட்டார்கள்.

டேங்கைக் காலி செய்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். அதற்குள் என்ஜின் ஆறியிருந்தது. ஒரே இழுப்பில் பிடித்தது. பெரிய காரின் டிரைவர் ஓட்டிப் போனார். அன்றைக்கு ரயில்வே கேட் திறந்திருந்ததாம். நிற்காமல் சிவகிரி வரை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கேட் மூடியிருந்தால் அன்றைக்கே என் வார்த்தை பொய் என்று ஆகியிருக்கும். அதன் பிறகு ஓட்ட ஆளும் இல்லை, கூப்பனும் முடிந்துவிட்டது. வண்டி கொட்டகையில் நின்றது.

போர்மேன் மதுரையிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"பாத்தியாலே?"

"பாத்தேன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. சிலேட்டில் எழுதவும் இல்லை.

தை கழிந்து வண்டி திரும்ப வந்தது. புது டிரைவர். புதுக் கூப்பனில் வாங்கிய பெட்ரோல். சின்ன முதலாளியும் கூட வந்திருந்தார். சூடானால் நிற்கிறது என்றார்கள்.

போர்மேன் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். டிரைவரிடம் மூன்று கேள்வி கேட்டார். சின்ன முதலாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவர் சீட்டில் ஏறி எட்டு மைல் சுற்றி வந்தார். வந்து என்ஜினை நிறுத்த வேண்டாம், நின்ற இடத்திலேயே ஸ்லோவில் விடுங்கள் என்றார். வண்டி நடுங்கியது. டிரைவர் லேசாக மிதித்துச் சாகாமல் பிடித்துக்கொண்டார். போர்மேன் நான் முன்னே செய்தது போலவே பிளக் வயரை எடுத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு. தலையை ஆட்டினார். பிறகு மூக்கு நீண்ட எண்ணெய் டப்பாவை எடுத்தார்.

அந்த வேலையை அவர் செய்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. கார்புரேட்டர் சேருகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். பத்து எண்ணுகிற நேரம் காதைக் கொடுத்து நின்றார். மாற்றமில்லை. அடுத்த நட்டு ஓரம் ஒரு சொட்டு. நின்றார். மாற்றமில்லை. மேனிபோல்டின் மேல் பக்கம் முழுவதும் இப்படி வந்தார். அவசரமே இல்லை. கடைசியில் தரையில் சாக்கை விரித்துப் படுத்து, கையை அடியில் கொடுத்து, கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தில் விட்டார்.

நடுக்கம் நின்றது. என்ஜின் பட்டுப் போல ஓடியது. சைலன்சரில் நீலப் புகை வந்தது. அந்த எண்ணெய் உள்ளே இழுபட்டதும் மறுபடி நொண்ட ஆரம்பித்தது. இன்னொரு சொட்டு. மறுபடி நின்றது.

முன் இரண்டு சிலிண்டருக்குப் போகிற கிளையின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும். சூட்டில் விரியும். விரிந்த வழியே காற்று போகும். வேகமாக ஓடும்போது அந்தக் காற்று பெரிதில்லை. ஸ்லோவில் அதுதான் ஆளைக் கொல்லும். இவ்வளவுதான் விஷயம்.

போர்மேன் எழுந்து சாக்கை மடித்தார். என்னைக் கழுவுகிற டின் பக்கம் கூட்டிப் போனார்.

"அன்னைக்கு எப்படிலே மண்ணெண்ணெனு கண்ட?"

"கையில ஊத்திப் பாத்தேன்."

"வெள்ளத்தாள்ல ஊத்தலியா, கறை நிக்குதானு?"

"இல்ல."

"கைய எப்பக் கழுவின?"

டின்னில் இருந்தது மண்ணெண்ணெய். கிரீஸ் போவதற்கு நாங்கள் எல்லோரும் அதில்தான் கை கழுவுவோம், நாளைக்கு இருபது தடவை. எங்கள் மூக்குக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது. அன்றைக்கு நான் மோந்து பார்த்தது என் கையை.

போர்மேன் டின்னைக் காலால் ஓரமாக நகர்த்தினார். பிறகு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சின்ன முதலாளியிடம் விரிசலைப் பற்றிச் சொன்னார், மேனிபோல்டை மதுரைக்கு அனுப்பிப் பற்றவைக்க வேண்டும் என்றார். சின்ன முதலாளி கெட்டிக்காரர். உடனே கேட்டார்.

"அப்ப அன்னைக்கு மண்ணெண்ணெனு சொன்னீகளே?"

போர்மேன் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்கு இடம் விட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன்.

"அது வேற முதலாளி, இது வேற" என்றார் போர்மேன்.

சின்ன முதலாளி "ஓ" என்றார். அத்தோடு முடிந்தது. கையை மோந்து பார்த்தது தவறு. தவறு யாருக்கும் வரும். ஆனால் அந்த ஒரு வினாடியில் எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே பேசாமல் நின்றேன்.

அவர்கள் போன பிறகு போர்மேன் சொன்னார்: "இத வெளிய சொன்னா நாளைக்கு ஒருத்தன் வண்டிய நம்பி விடமாட்டான். முப்பது பேரு இங்கன சோறு திங்கான். பேசாம இரு." சொல்லிவிட்டு, "வெள்ளத்துரை எங்கன இருக்காரு இப்ப?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அவர் எந்த டிரைவரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை என்று முன்னால் எழுதினேன். அது உண்மை. இதுவும் உண்மை.

வெள்ளத்துரை எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வண்டி வைத்திருந்த இரண்டு மூன்று வீடுகளில் வேலை கேட்டார். எங்கள் கம்பெனியிலும் கேட்டார். யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. அன்றைக்குக் காப்பி குடித்தவர்கள் அந்தச் சொல்லை பஸ் போகிற ஊருக்கெல்லாம் கொண்டு போய்விட்டார்கள். "மண்ணெண்ணெ வெள்ளத்துரை" என்று பேராகிவிட்டது. சித்திரையில் அவர் குடும்பத்தோடு பெண்டாட்டி ஊரான பனவடலிசத்திரத்துக்குப் போய்விட்டார்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லிவிடுவது என்று சிவகிரிக்கு பஸ் ஏறினேன். பண்ணை வீட்டு வாசலில் சின்ன முதலாளியே நின்றார்.

"என்ன கோமதி, இம்புட்டுத் தூரம்?"

"வண்டி நல்லா ஓடுதானு கேக்க வந்தேன் முதலாளி."

"நல்லா ஓடுதே. இதுக்கா வந்தீரு?" என்று சந்தோஷப்பட்டார். மோர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

மறு வருஷம் பனவடலிசத்திரத்துக்குப் போனேன். அங்கேயாவது சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். மிளகாய்த் தோட்டம் ஒன்றில் கமலை ஓட்டிக்கொண்டிருந்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கமலை என்பது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைப்பது. மாடுகள் சரிவில் இறங்கினால் தோல் பை நிறைந்து மேலே வரும். பின்னோக்கி ஏறினால் பை கிணற்றுக்குள் போகும். ஓட்டுகிறவர் கூடவே இறங்க வேண்டும், கூடவே ஏற வேண்டும். தோட்டம் அவருடையதில்லை, மாடும் அவருடையதில்லை.

"என்னவே, அதிசயமா இருக்கு" என்றார்.

"ஒரு விசயம் சொல்லணும்."

"மாடு நிக்காது. நடந்துகிட்டே சொல்லும்."

நான் கூடவே நடந்து சொன்னேன். விரிசல், எண்ணெய் டப்பா, கை கழுவினது எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சரிவில் இறங்கினார். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது. மாட்டைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"சிவகிரியில சொல்லியாச்சா?"

"இல்ல."

மறுபடி இறங்கினார். ஏறினார்.

"ஷெட்டுல? அன்னைக்கு நின்னு சிரிச்சாங்கள்லா, அவங்ககிட்ட?"

"இல்ல."

இந்த முறை அவர் ஏறி வர நேரமானது போல இருந்தது. மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப எனக்கு எதுக்குவே சொல்லுதீரு? நான் கலக்கலைங்கது எனக்குத் தெரியாதா?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார். இன்னும் நாலைந்து தடவை இறங்கி ஏறினார். நான் மேலேயே நின்றேன்.

"அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு. தண்ணி குடிச்சிட்டுப் போரும்" என்றார். வாய்க்காலில் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன்.

அடுத்த வருஷங்களில் சின்ன முதலாளி வண்டியை விற்றுவிட்டு மதராஸ் போய்விட்டார். சித்தப்பா காலமானார். போர்மேனுக்குக் கண் மங்கியது, விலகினார். அந்த இடத்துக்கு நான் வந்தேன். பதினெட்டு வருஷம் போர்மேனாக இருந்தேன். டிரைவர் சொல்வதை முழுக்கக் கேட்டேன். பெட்ரோலை வெள்ளைத்தாளில் ஊற்றிப் பார்த்தேன். யாரைப் பற்றியும் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. இதனால் வெள்ளத்துரைக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. சிரித்தவர்களில் இரண்டு பேர் எனக்குக் கீழேயே வேலை பார்த்தார்கள். தினமும் பார்ப்பேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர்களும் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

வெள்ளத்துரை அதற்குப் பிறகு ஒரு வண்டியும் ஓட்டவில்லை. இன்னும் பனவடலிசத்திரத்தில்தான் இருக்கிறார். போன மாதம் அந்த ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார். யாரோ ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை. எந்த வீட்டுப் பெண் என்று கேட்டேன். "மண்ணெண்ணெ வீட்டுப் பிள்ளதான்" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும் அண்ணாச்சி, அந்தக் காலத்துல மண்ணெண்ணெ வித்திருப்பாக" என்றார். வெள்ளத்துரையின் பேத்தி அவள்.

ஆகவே எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன். வெள்ளத்துரை பெட்ரோலில் எதையும் கலக்கவில்லை, விற்கவும் இல்லை. மேனிபோல்டில் விரிசல் இருந்தது. என் கையில் மண்ணெண்ணெய் இருந்தது. அது தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை.

செயலாளருக்கு ஒரு வார்த்தை. மலர் அச்சானதும் உறுப்பினர் எல்லோருக்கும் அனுப்புவீர்கள். சிவகிரிப் பண்ணை வீட்டில் இப்போது யார் இருந்தாலும் அவர்களுக்கு ஒன்று அனுப்புங்கள். பழைய ஷெட் எதிரில் உள்ள காப்பிக் கடைக்கு ஒன்று. பனவடலிசத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்கு இரண்டு, ஒன்று கிழிந்தாலும் ஒன்று இருக்கும். வெள்ளத்துரைக்கு அனுப்ப வேண்டாம். அவருக்குத் தெரியும்.